குளக்கரையில் விட்ட ஒலாந்து சைக்கிள்

அம்பகரத்தூர் அம்மன் கோயிலிலிருந்து வண்டி திரும்பியபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. காலையில் அஞ்சுகம் தன் கையால் பூட்டிவிட்டுப் போன கதவு அது. சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. பூட்டு உடைந்து மண்ணில் கிடந்தது.

வண்டி நிற்கும் முன்பே குதித்து உள்ளே ஓடினாள். வைக்கோலுக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள்கள் இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்த இடத்திலேயே இருந்தன. மண்ணெண்ணெய் டின், ஸ்பானர், சீலைத்துணி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நடுவில், சாக்கு விரித்து நிறுத்தியிருந்த மூன்றாவது சைக்கிளைத்தான் காணோம். திருட வந்தவன் புது ஸ்பானரை விட்டுவிட்டா போவான்?

அம்மா இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே அஞ்சுகத்துக்குப் பாதி விளங்கிவிட்டது.

"எங்கம்மா சைக்கிள்?"

"என்னைக் கேக்காதடி. அப்பா வந்து சொல்லுவாரு."

"அப்பா எங்க?"

"திருநள்ளாறு போயிருக்காரு."

அன்று சனிக்கிழமை, சனீஸ்வரன் கோயில் குளத்தில் பீடையை விட்டுவிட்டு வருகிற நாள். அவளுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. அம்மனுக்கு வேண்டுதல் என்று விடியற்காலையில் தன்னை எழுப்பி, தலைவாரி, பூ வைத்து வண்டி ஏற்றிவிட்டதெல்லாம் இதற்குத்தானா? சாமி பெயரைச் சொல்லிப் பெற்ற பெண்ணை ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டு, பின்னால் நின்று பூட்டை உடைத்திருக்கிறார். இதைச் செய்தவன் வேறு யாராவதாக இருந்தால் சுரக்குடியில் பஞ்சாயத்து கூட்டி மரத்தில் கட்டியிருப்பார்கள்.

அந்தச் சைக்கிளைக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அஞ்சுகம் அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தவள். தலத்தெருப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த புதிதில், ஒரு மழைநாளில் காரைக்கால் டவுனில் பத்ருன்னிசா வீட்டு வாசலில் ஒதுங்கினாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த பத்ருன்னிசாவின் சரக்குக் கிட்டங்கி மூலையில், கயிற்றுக் கட்டுகளுக்கு அடியில் அது கிடந்தது. அவளுடைய வீட்டுக்காரர் மதார் சாகிப் உயிரோடு இருந்த காலத்தில், ஜாவாவுக்குக் கப்பல் போய்வந்த நாளில், பட்டாவியாவில் ஒரு ஒலாந்துக்காரியிடம், அதாவது டச்சுக்காரியிடம், வாங்கி வந்த பெண்பிள்ளை சைக்கிள்.

அஞ்சுகம் குனிந்து தடவிப் பார்த்தாள். புடவை கட்டினவள் காலைத் தூக்காமல் ஏறும்படி சட்டம் தாழ வளைந்திருந்தது. முதுகை நிமிர்த்தி மகாராணி மாதிரி உட்கார்ந்து போகலாம். சங்கிலிக்கு முழு உறை. பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க இரண்டு பக்கமும் நூல் வலை கட்டியிருந்த அடையாளம். கையில் பிடிக்கிற பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் வண்டி நின்றுவிடும். எங்கோ கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன், பெண்ணும் சைக்கிள் விடுவாள் என்று எண்ணி இதைச் செய்திருக்கிறான் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எலி குடும்பம் நடத்துது அதுல. வேணும்னா எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்றாள் பத்ருன்னிசா.

அன்று பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு ஒலாந்து சைக்கிள் எந்த வீட்டில் கிடக்கிறது என்று காரைக்கால் முழுக்க விசாரித்தாள். லூர்தம்மாள் வீட்டுக் கொல்லையில் ஒன்று கோழிகள் அடைய உதவிக்கொண்டிருந்தது. அவள் கையைக் காலைப் பிடித்து அதை வாங்கினாள். இன்னொன்றில் சக்கரங்கள் மட்டும்தான் உருப்படி. மூன்றையும் பிரித்துப்போட்டு, ஒன்றுக்கு உயிர் கொடுக்கிற வேலை. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தாள். சங்கிலி உறை மக்கிப் போயிருந்ததால் குடைத்துணியை வெட்டித் தைத்து வார்னிஷ் அடித்தாள். வலைக்கு மீன்பிடிக்கிறவர்களிடம் நூல் வாங்கிப் பின்னினாள். சக்கரக் கோட்டம் எடுக்க மட்டும் மாதாகோயில் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் மரியசூசையிடம் போனாள். பின்சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் குடத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த உருளைகளைக் கழுவி மறுபடி பூட்டியது அவளேதான். பூட்டிய அன்று பெடலைப் பின்னால் மிதித்ததும் சக்கரம் கப்பென்று நின்றது. கொட்டகையில் ஒருத்தரும் இல்லாததால் மாட்டிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஊர் அவளை 'இரும்புக்கடைக்காரி' என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்கு முன்னால் அம்பகரத்தூர் பஸ்ஸுக்காக ரோட்டில் கால்கடுக்க நின்றவள். பஸ் வராத நாளில் அப்பா, "இந்த வேலை உனக்கு எதுக்கும்மா" என்பார். சைக்கிள் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. அது போய்விட்டால் வேலையும் போய்விடும், அவ்வளவுதான்.

அப்பா திருஞானசம்பந்தம் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். தலையில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முகத்தில் பெரிய பாரம் இறங்கின நிம்மதி. அஞ்சுகம் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"சைக்கிள் எங்கப்பா?"

"குளக்கரையில விட்டுட்டேன்ம்மா. உனக்கு ஏழரை நடக்குது. கறுப்பும் இரும்புமா ஒண்ணு வீட்டுல நின்னா எந்த வரன் அமையும்? உன் பேருல சங்கல்பம் பண்ணி, நான் தலைமுழுகி, அதைக் கரையில விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன். இனிமே நல்லதே நடக்கும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா குடுப்பியா?"

எவ்வளவு நியாயமாகக் கேட்டுவிட்டார். அவள் பதிலுக்கு நிற்காமல், காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா அப்போதுதான் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"ஜோசியர் எள்ளு விளக்குதான் போடச் சொன்னாரு அஞ்சுகம். உன்னைப் பொண்ணு கேட்ட மாயவரத்துக்காரங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. சைக்கிள் விடுற பொண்ணு அவங்க குடும்பத்துக்கு ஒத்துவராதாம். அதை ஒழிச்சுட்டா தையிலயே முகூர்த்தம் வச்சுக்கலாமாம். உங்கிட்ட சொன்னா நீ ஆடுவேன்னு..."

ஆகக்கூடி, சனீஸ்வரனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எவனோ ஒருவன் மாயவரத்தில் உட்கார்ந்து, இன்னும் முகம் பார்க்காத பெண்ணின் சைக்கிளை ஒழிக்கச் சொல்கிறான். அப்பாவும் சரி என்கிறார். மகளிடம் அதைச் சொல்ல வாய் வராமல், பழியைத் தூக்கிச் சாமி தலையில் போடுகிறார். அஞ்சுகம் வாசலில் இறங்கித் திருநள்ளாற்றுப் பாதையில் நடந்தாள். கோயிலுக்கு உடுத்திய பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. பின்னால் அப்பா கூப்பிட்டதும் மாட்டைப் பூட்டச் சொல்லிக் கத்தியதும் காதில் விழுந்தன.

நளதீர்த்தக் கரையில் சனிக்கிழமைக் கூட்டம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பீடை விட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள். அங்கே விட்ட பொருளை ஒருவரும் தொடமாட்டார்கள். எடுத்தவனை, விட்டவனுடைய சனி பிடித்துக்கொள்ளும் என்பது அந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் சைக்கிள் பத்திரமாக இருக்கும் என்ற தைரியத்தோடுதான் அவள் வந்தாள்.

இருந்தது. ஆனால் முதலில் அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டு ஓரத்தில் சாய்த்து வைத்திருந்ததன் மேல் எந்தப் புண்ணியவானோ முதலில் தன் வேட்டியைப் போட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள். ஈர வேட்டிகள், கிழிந்த சேலைகள், துண்டுகள், யாருடைய உள்பாவாடையோ. கைப்பிடியின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. குடைத்துணி உறையிலும் தோல் ஆசனத்திலும் நல்லெண்ணெய் வழிந்து பிசுபிசுத்தது. அவள் மாதக்கணக்கில் தேய்த்துத் துடைத்த சைக்கிளை இவர்கள் அழுக்குக்கொடி ஆக்கியிருந்தார்கள்.

அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே கிடந்த வேட்டியை எடுத்து வீசினாள்.

"ஏம்மா, ஏம்மா, தொடாத" என்று ஒரு கிழவர் பதறினார். "எல்லாரோட பீடையும் அதுல இருக்கும்மா."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் குளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அஞ்சுகம் ஒவ்வொரு துணியாக உருவிப் போட்டபோது அவளைச் சுற்றி இருந்த இடம் காலியாகிக்கொண்டே வந்தது.

சைக்கிளை நிமிர்த்தும்போது அப்பா வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கூட்டத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வச்சுடு அஞ்சுகம். சாமி காரியம். விட்டதை எடுக்கக் கூடாது."

"யார் பேருல விட்டீங்க?"

"உன் பேருலதான்."

"அப்ப இது என் சனி. நானே கூட்டிட்டுப் போறேன்."

"விளையாடாதம்மா. சனீஸ்வரனோட யாரும் விளையாடக் கூடாது."

"இதை விடச் சொல்லி உங்களைச் சனீஸ்வரன் கேட்டாரா, சம்பந்தி கேட்டாரா?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். படித்துறை முழுக்கக் கேட்டது. திருஞானசம்பந்தத்தின் முகம் கறுத்தது. சுரக்குடிக்காரர்கள் நாலைந்து பேர் கூட்டத்தில் நிற்பதை இருவருமே பார்த்தார்கள்.

"அம்மா சொல்லிட்டாளா" என்றார். பிறகு, கோபம் போய், கெஞ்சுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "இத்தனை பேர் பாக்கறாங்கம்மா. இங்கேருந்து அதை எடுத்துட்டுப் போனேன்னு வை, மாயவரம் இல்ல, எந்த ஊர்லேருந்தும் உன்னை ஒருத்தனும் கட்ட வரமாட்டான். நான் பயமுறுத்தல. நடக்கப்போறதைச் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். நளதீர்த்தத்தில் விட்டதை எடுத்தவள் என்ற பேச்சு இன்று சாயங்காலத்துக்குள் சுரக்குடி போய்விடும், நாளைக்கு அம்பகரத்தூர் போய்விடும். அவளுக்கும் கல்யாண ஆசை இல்லாமல் இல்லை. வரப்போகிறவன் திண்ணையில் உட்கார்ந்து, இவள் முதுகு நிமிர்ந்து ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒருவன் வருவான் என்று நம்பியும் இருந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது படியில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"வரவேணாம்" என்றாள். "சைக்கிளுக்குப் பயந்தவனும் வேணாம், சனிக்குப் பயந்தவனும் வேணாம்."

பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். ஆசனம் எண்ணெயில் வழுக்கியது. மிதித்தாள். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். சைக்கிள் நேராக அவரை நோக்கிப் போயிற்று. யாரோ "பிரேக், பிரேக்" என்றார்கள். அவள் பெடலைப் பின்னால் மிதித்தாள். அவர் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி முன்சக்கரம் நின்றது. எண்ணெயும் ஈரமும் குடத்துக்குள் இறங்கவில்லை. பூட்டிய கை சரியாகத்தான் பூட்டியிருக்கிறது.

"வழிய விடுங்கப்பா."

அவர் நகரவில்லை. அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தாள். கைப்பிடியில் ஒட்டியிருந்த ஈரத்துணிக் கிழிசல் ஒன்று அவர் கைப்பக்கம் போயிற்று. திருஞானசம்பந்தம் சட்டென்று பின்வாங்கினார். தன்மேல் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அஞ்சுகம் அவரைப் பார்த்தபடி நின்றாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது, ஒருவரையும் கிட்டே விடாமல் பக்கத்திலேயே படுத்திருந்தவர் அவர். பூட்டை உடைத்தபோதும் பொய் சொன்னபோதும் இவர் அப்பாதான் என்று இருந்தாள். இந்த இரண்டடியைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பாதை திறந்திருந்தது. ஏறி மிதித்தாள். பின்னால் கிழவர், "திரும்பிப் பார்க்காம போயிடும்மா" என்று கத்தினார், அவள் நல்லதுக்குத்தான். அவள் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அதே இடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அப்பாவுக்கு முந்தி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் வந்தவர்கள் யாரோ சொல்லி, செய்தி அவளுக்கும் முன்பே வந்துவிட்டிருந்தது. வாசலில் ஒரு குடத்தில் மஞ்சள்தண்ணீர். பக்கத்தில் மாற்றுப்புடவை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தலைமுழுகிட்டு உள்ள வாடி. இல்லேன்னா அப்பா வந்து சத்தம் போடுவாரு."

அஞ்சுகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சைக்கிளைச் சாக்கின்மேல் நிறுத்தினாள். சீயக்காய் போட்டுத் தேய்த்து, சட்டத்திலும் வலையிலும் சக்கரக் கம்பிகளிலும் ஒட்டியிருந்த எண்ணெயெல்லாம் போகும்வரை அந்தத் தண்ணீர் முழுவதையும் அதற்கே ஊற்றினாள். காய்ந்த துணியால் துடைத்தாள். உடைந்த பூட்டை எடுத்துத் திண்டில் வைத்தாள். பிறகு எண்ணெய்க் கையோடும் சேற்றுக் காலோடும் வாசல்படி தாண்டி உள்ளே நடந்தாள்.

"நாளைக்கு வேற பூட்டு வாங்கணும்மா" என்றாள். "சாப்பாடு போடு."