சுருட்டுக்கு ஒரு ஜெபம்

சிவலட்சுமியின் நாய் சுருட்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் செத்துப்போனது. அன்று சபையில் இரண்டு பேருக்கு ஞானஸ்நானம். குளத்தில் மூழ்கி எழும்பியவர்களுக்காக ஆட்டிறைச்சி சமைத்திருந்தார்கள். மிஞ்சிய எலும்பு முழுவதையும் சுருட்டு தனியாளாகத் தின்று தீர்த்தது. பிறகு வீட்டுக்கு வந்து, வேப்பமரத்தின் கீழே நாலு காலையும் நீட்டிப் படுத்தது. சிவலட்சுமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது அதன் வயிறு அசையவில்லை. வயது பதின்மூன்று. அக்கராயன் கிராமத்தில் அப்படிச் சாகக் கொடுத்துவைத்தவர்கள் குறைவு.

சிவலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் வயலைத் தானே பார்த்து வந்தாள். அவளுடைய புருசன் பதினைந்து வருடத்துக்கு முன்னர் சைக்கிள் சாமான் வாங்கவென்று வவுனியாவுக்குப் போனவர். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் போன பிறகு வீட்டில் துணையாக வந்தது, தெருவில் பொறுக்கி வளர்த்த அந்த மண்ணிற நாய் மட்டும்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னர் அவள் பாஸ்ரர் ஜனார்த்தனனின் சிறிய சபையில் சேர்ந்தாள். ஞானஸ்நானத்தின்போது எலிசபெத் என்று பெயர் வைப்போமா என்று பாஸ்ரர் கேட்டார். "இந்தப் பேரில அடையாள அட்டை எடுக்கக் கச்சேரிக்குப் பதினொரு தரம் நடந்தனான். கர்த்தர் வேணுமெண்டால் பரலோகத்தில மாத்தட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிவலட்சுமியாகவே தண்ணீரில் மூழ்கி, சிவலட்சுமியாகவே எழும்பினாள்.

சுருட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு சபைக்குப் போகும். தகரக் கூரை போட்ட மண்டபத்தின் வாசலில், செருப்புகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். பிரசங்கம் முடியும்வரை நித்திரை. சனம் கையை உயர்த்தி அந்நிய பாஷை பேசத் தொடங்கியதும் அது எழும்பி, தலையை வானத்துக்கு நிமிர்த்தி நீளமாக ஊளையிடும். சனம் கூட்டினால் அதுவும் கூட்டும். சனம் அழுதால் அதுவும் இழுத்து அழும். ஒருதரம் வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "பின்னால நிக்கிற அந்தச் சகோதரனுக்குப் பெரிய வரம் இருக்குது" என்று சொன்னார். கண்ணைத் திறந்து ஆளைப் பார்த்த பிறகு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமைதான் பாஸ்ரர் ஜனார்த்தனன் சுருட்டிடமிருந்து பிசாசு துரத்தினார். அவர் முன்னர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பளையில் நின்று கூப்பிட்டால் கிளிநொச்சியில் ஆள் ஏறும், அப்படி ஒரு குரல். அந்தக் குரலில் அவர் அதட்ட, நாலு பேர் நாயைப் பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் பூசிய அபிஷேக எண்ணெயைச் சுருட்டு நாக்கை வளைத்து வளைத்து நக்கியது. நக்கி முடிந்ததும் நித்திரையாகிவிட்டது. பிசாசு போய்விட்டது என்று பாஸ்ரர் அறிவித்தார். அடுத்த ஞாயிறு அது வழமைபோல ஊளையிட்டது.

இப்போது சுருட்டு செத்துக் கிடந்தது. சிவலட்சுமி அதைத் தன் பழைய சேலையொன்றில் சுற்றி, வேப்பிலை பரப்பிக் கிணற்றடி நிழலில் வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பாஸ்ரரின் வீட்டுக்கு நடந்தாள். பாஸ்ரர் விறாந்தையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ்ரர், சுருட்டு செத்துப்போச்சு. நாளைக்கு அடக்கம் செய்யவேணும். சபைக் காணியில ஒரு மூலை தந்தால் போதும். நீங்கள் வந்து ஒரு ஜெபம் பண்ணிவிடுங்கோ."

"ஐயோ அக்கா" என்றார் பாஸ்ரர். உண்மையாகவே கவலைப்பட்டார். "மூலை எண்டால் பரவாயில்லை, தாட்டுவிடுங்கோ. ஆனால் ஜெபம் பண்ண ஏலாது. மிருகத்துக்கு ஆத்துமா இல்லை. செத்தால் மண்ணோட மண்தான்."

"அப்ப சுருட்டு இப்ப எங்க?"

"எங்கயும் இல்லை அக்கா."

"கிணத்தடியில கிடக்கிற உடம்பைக் கேக்கேல்லை. சுருட்டைக் கேக்கிறன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். எங்கயும் இல்லை."

"அப்ப நீங்கள் ஆரிட்ட இருந்து பிசாசைத் துரத்தினனீங்கள்?"

பாஸ்ரரின் கை புட்டுக்குள் அப்படியே நின்றது.

"அது வந்து, பிசாசு வெறும் உடம்புக்குள்ளயும் போகும். வேதத்தில பன்றிக் கூட்டத்துக்குள்ள போகேல்லையே?"

"பிசாசு போய் இருக்கலாம், நல்லது ஒண்டு இருக்கேலாதோ? ஏழு பிசாசு குடியிருந்தது எண்டு வவுனியாக் கூட்டத்தில நீங்கள் சாட்சி சொன்னனீங்கள். ஏழு பேர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இல்லையோ?"

குசினி வாசலில் நின்ற பாஸ்ரரின் மனைவி நிரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேளுங்கோ அக்கா, விடாதையுங்கோ. நானும் அண்டைக்கே கேட்டனான்."

"நீர் உள்ள போம்" என்றார் பாஸ்ரர். அவள் போகவில்லை.

"பாஸ்ரர், நான் ஒண்டு சொல்லுறன்" என்றாள் சிவலட்சுமி. "சுருட்டு இல்லாத பரலோகத்தில எனக்கு என்ன வேலை? அங்க எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆர் இருக்கினம்? அம்மாவும் அப்பாவும் சைவம், அவை நரகம் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். என்ர மனுசன் மனந்திரும்பி அங்க வந்து நிப்பார் எண்டால், நான் வரவே மாட்டன்."

அவள் திரும்பி வரும்போது வேலியடியில் அண்ணன் செல்வநாயகம் நின்றார். பிள்ளையார் கோயில் செயலாளர். தங்கை மதம் மாறிய நாள் முதல் அவளை மீட்டெடுக்க ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தவர். செய்தி கேட்டதும் அவருடைய முகத்தில் துக்கத்தோடு ஒரு வெளிச்சமும் வந்தது.

"லட்சுமி, நீ எங்கட பக்கம் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. நாய் வைரவரின்ர வாகனம். அதுக்கு ஆத்மா இருக்கு, மறுபிறப்பு இருக்கு. ஆர் கண்டது, அடுத்த பிறப்பில பாஸ்ரராயும் பிறக்கலாம்."

"வாகனமோ? போன திருவிழாவில அது கோயில் வாசலுக்கு வர, நீங்கள்தானே கல்லெடுத்து எறிஞ்சனீங்கள்?"

"அது வந்து, அபிசேக நேரம்."

"வைரவர் பாத்துக்கொண்டுதானே இருந்தவர், அண்ணை?"

அவள் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய், முதன்முறையாக அன்று அழுதாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சபைக்கு வந்த சனம், வாசலில் செருப்புகளுக்கு நடுவில் ஒரு தள்ளுவண்டில் நிற்பதைக் கண்டது. அதில் சேலை சுற்றிய ஒரு பொதி. வண்டிலுக்குப் பக்கத்தில் சிவலட்சுமி வெள்ளைச் சேலையோடு இருந்தாள். உள்ளே போகச் சொன்னவர்களுக்கு, "இது வழமையா இருக்கிற இடத்தில இருக்குது, நானும் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்ரர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல ஆராதனையைத் தொடங்கினார். பாட்டு முடிந்து அந்நிய பாஷை வந்தது. சனம் கையை உயர்த்தியது. ஆனால் அன்று ஒன்றும் சூடு பிடிக்கவில்லை. ஆளுக்காள் அரைக் கண்ணால் வாசலைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகச் சத்தம் குறைத்து, கடைசியில் மேளம் அடிக்கிறவர் மட்டும் தனியாக அடித்து, வெட்கப்பட்டு நிறுத்தினார். பாஸ்ரர் அவசரமாகச் சாட்சி நேரத்துக்குத் தாவினார். அதுதான் அவர் விட்ட பிழை. சாட்சி சொல்ல யாரும் எழும்பலாம். சிவலட்சுமி எழும்பினாள்.

"எனக்கு ஒரு கேள்விதான். என்ர நாய்க்கு ஆத்துமா இல்லையெண்டால், பிசாசு துரத்தினது பொய். பிசாசு துரத்தினது மெய்யெண்டால், அதுக்கு ஜெபம் பண்ணித் தாருங்கோ. ரெண்டில எது எண்டு சபை சொல்லட்டும்."

பாஸ்ரர் வாயைத் திறக்க முன்னர் வீரபாகு எழும்பினார். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து குழந்தையாகக் கொண்டுவரப்பட்டு, வன்னியில் காடு வெட்டிக் கழனியாக்கியவர். சபையில் அவருடைய சொல்லுக்கு ஒரு பாரம் உண்டு.

"நாய்க்கு ஆத்துமா இருக்குன்னு வச்சுக்குவம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா பாஸ்ரர், ஒண்ணுக்குக் குடுத்தா எல்லாத்துக்கும் குடுக்கணும். அப்ப காட்டுப்பன்றியும் பரலோகத்துக்கு வருமா?"

மண்டபம் முழுக்க நிமிர்ந்தது. அது எல்லோருடைய கேள்வியும்தான்.

"ஒரே ராத்திரில என் நெல்லு முழுசும் உழுதுட்டுப் போச்சு. இந்த உலகத்துல சகிச்சுக்கிறேன். அங்கயும் வருமுன்னா இப்பவே சொல்லுங்க."

"குரங்கு?" என்று கேட்டாள் பின்வரிசையில் இருந்த பிரேமிளா. "போன மாசம் என்ர வீட்டுக்குள்ள வந்து சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு போனது. பானையை இன்னும் தரேல்லை."

"மயில்."

"என்ர வீட்டுச் சுவரை உடைச்ச யானை."

"முதலையைச் சேர்க்க வேண்டாம்" என்றார் நேற்று ஞானஸ்நானம் எடுத்த ஒருவர். குளத்தில் நின்ற பத்து நிமிடமும் அவர் அதைப் பற்றித்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மனந்திரும்பின பன்றி எண்டால்?" என்று யாரோ கேட்க, "பன்றி மனந்திரும்பினா நான் பக்கத்துல கதிரை போட்டு உக்கார வைப்பேன்" என்றார் வீரபாகு. பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கீபோட் வாசிக்கிற நிரோஜா அதில் தலையை வைத்துச் சிரித்ததில் ஏழெட்டுக் கட்டைகள் ஒன்றாக அலறின.

சிவலட்சுமி சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய கை தள்ளுவண்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது. பாஸ்ரர் அந்தக் கையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். சாதாரணக் குரலில் அவர் பேசி அந்தச் சனம் கேட்டதேயில்லை.

"பிசாசு ஒண்டும் இருக்கேல்லை" என்றார். "சுருட்டுக்கு எங்கட சத்தம் பிடிச்சிருந்தது, அது பாடினது. அவ்வளவுதான். வெளியூர்ப் போதகர் ஏமாந்ததால எனக்கு வெக்கமாப்போச்சு, அதுதான் துரத்தினனான்."

அவர் வாசல் பக்கம் நாலு அடி நடந்தார்.

"வவுனியாக் கூட்டத்தில எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நேரம் தந்தவை. முழுச் சனமும் நித்திரை. முதல்ல ஒரு பிசாசு எண்டுதான் சொன்னனான். ஒருத்தரும் முழிக்கேல்லை. மூண்டு எண்டன். ஏழு எண்டதும்தான் எழும்பிச்சினம்." அவர் நெற்றியைத் துடைத்தார். "மிருகத்துக்கு ஆத்துமா இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது அக்கா. இல்லையெண்டு படிச்சனான், படிச்சதைச் சொன்னனான். நான் போய்ப் பாத்துட்டு வரேல்லை. ஜெபம் பண்ணுறன், வாங்கோ."

மண்டபத்தின் பின்னால், மாமரத்துக்கும் வேலிக்கும் இடையில் இடம் பார்த்தார்கள். ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சேட்டோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, வேலிக்கு அப்பால் இருந்து ஒரு மண்வெட்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் செல்வநாயகம் வந்தார். திருநீறு பூசிய நெற்றியோடு சபைக் காணிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினார்.

"ஆழமாய் வெட்டோணும், இல்லாட்டி நரி தோண்டும்" என்று மட்டும் தங்கையிடம் சொன்னார். அந்தக் கல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சுருட்டை இறக்கினார்கள். பாஸ்ரர் கண்ணை மூடினார். வழமையாக அவருடைய ஜெபம் இருபது நிமிடம் ஓடும்.

"ஆண்டவரே, இவர் சுருட்டு. பதின்மூண்டு வருசம் இந்த அக்காவைத் தனிய விடேல்லை. இவருக்கு நீர் என்ன ஒழுங்கு வைச்சிருக்கிறீர் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒண்டும் வைக்கேல்லையெண்டால், தயவுசெய்து யோசியும். ஆமென்."

ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். பழக்கமில்லாத செல்வநாயகமும் அரை ஆமென் சொல்லிவிட்டு, செருமிக்கொண்டு மண்ணைத் தள்ளினார். வீரபாகு தொப்பியைக் கழற்றினார். பன்றியைப் பற்றி அவர் இன்னும் பதில் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் கழற்றினார்.

யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்ப, அடுத்த கிழமையே வவுனியாவிலிருந்த தலைமைப் போதகருக்குச் செய்தி போய்விட்டது. நாய்க்கு அடக்க ஆராதனை செய்தது ஒரு குற்றம். கூட்டத்தில் சொன்ன சாட்சி பொய்யென்று ஒப்புக்கொண்டது அதைவிடப் பெரிய குற்றம். ஜனார்த்தனன் மூன்று மாதம் பிரசங்கம் செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. அந்த மூன்று மாதமும் நிரோஜாதான் சபையை நடத்தினாள். அவளுடைய பிரசங்கம் பத்து நிமிடம்தான். சபைக்கு வரும் சனம் கூடியது.

வேலையில்லாத பாஸ்ரர் களை பிடுங்கும் காலத்தில் சிவலட்சுமியின் வயலுக்கு வந்து இறங்கினார். முதல் நாள் நெல் எது, களை எது என்று தெரியாமல் இரண்டையும் பிடுங்கினார். அவள் திட்டினாள். மூன்றாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. மத்தியானம் வரம்பில் இருந்து சாப்பிடும்போது, பல நாளாக மனதில் வைத்திருந்ததை அவர் கேட்டார்.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்ன பதில் உங்களுக்குப் போதுமோ? தெரியாது எண்டுதானே சொன்னனான்."

"ஒன்பது வருசமா எவ்வளவோ சொன்னனீங்கள்" என்றாள் சிவலட்சுமி. "நான் முழுசா நம்பினது அதைத்தான்."

பாஸ்ரருக்கு அது புகழ்ச்சியா, ஏச்சா என்று விளங்கவில்லை. கேட்கலாமா என்று யோசித்தார்.

"இந்தப் பக்கம் தண்ணி வரம்பை உடைச்சுக்கொண்டு போகுது, பாஸ்ரர்" என்று அவள் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "எழும்பி ரெண்டு மண்வெட்டி மண் போடுங்கோ."

அவர் எழும்பிப் போனார்.