பத்தாவது ஆளுக்கு ஈ கிரேடு

மோட்டார் பம்பு செய்யும் அந்தப் பெரிய கம்பெனியில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வைண்டிங் பிரிவுக்கு மாதேஸ்வரன் பொறுப்பாளர். கடத்தூர்க்காரர். இருபத்தொரு வருஷ சர்வீஸ். வருஷம் முழுக்க நல்ல மனிதராக இருந்துவிட்டு, மார்ச் மாதத்தில் மட்டும் ஒரு பாவம் செய்யச் சம்பளம் வாங்கி வந்தார்.

தன் ஆட்களுக்கு ஏ முதல் ஈ வரை அவர் கிரேடு போட வேண்டும். பத்துப் பேர் இருக்கும் பிரிவில் ஒருவருக்காவது ஈ போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பத்துப் பேரும் தங்கமாக உழைத்தாலும் ஒரு தங்கம் பித்தளை ஆகியே தீரும். ஈ வாங்கியவருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது. அடுத்த வருஷமும் வாங்கினால் கேட்டைக் காட்டிவிடுவார்கள்.

ஆறு வருஷமாக மாதேஸ்வரன் இதைச் சுலபமாகச் சமாளித்து வந்தார். வேறு வேலைக்கென்று ஓசூருக்கோ திருப்பூருக்கோ யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டே இருப்பார். ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர் தலையில் ஈயைக் கட்டிவிடுவார். போகிறவருக்கு அது ஈயானால் என்ன, கொசுவானால் என்ன.

போன வருஷம் எச்.ஆர். தலைவராக மாதவராஜ் வந்தார். சிரித்துக்கொண்டே கெட்ட செய்தி சொல்லப் பயிற்சி எடுத்தவர். முதல் மீட்டிங்கிலேயே திரையில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினார். ஆட்கள் வேலையை விட்டு ஓடுவதில் வைண்டிங் பிரிவுதான் முதலிடம்.

“இனிமே ஒரு ஆளு போகக்கூடாது மாதேஸ்வரன். போனா அது உங்க தப்புன்னுதான் எழுதுவோம்.”

மாதேஸ்வரன் விழுந்து விழுந்து வேலை பார்த்தார். பொம்மிடியிலிருந்து வரும் அமுதவல்லி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். டிரைவரைக் கெஞ்சிப் பத்து நிமிஷம் தள்ளி எடுக்க வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை பேப்பரைப் போடப்போவதாக மிரட்டும் இன்னாசிக்கு, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் சேர்த்து லீவு வாங்கித் தந்தார். வார்னிஷ் காயவைக்கும் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இரண்டு பெரிய ஃபேன் வந்தது. ஒருத்தரும் போகவில்லை. ஆண்டு விழாவில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ‘திருமதி மாதேஸ்வரி’ என்று அச்சாகியிருந்தது.

அதற்கு அடுத்த வாரமே மாதவராஜ் கூப்பிட்டனுப்பினார்.

“எல்லாருக்கும் பியும் சியும் போட்டிருக்கீங்க. ஈ எங்க?”

“யாரும் அப்பிடி இல்லீங்க சார். யாரும் போகவும் இல்ல. நீங்கதான போகக்கூடாதுன்னீங்க.”

“அது வேற, இது வேற. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரு வேணும்.”

மாதேஸ்வரன் முதலில் இன்னாசியிடம் போனார்.

“என்னாப்பா, ரிசைன் பண்றேன் பண்றேன்னியே, எப்ப?”

“இப்ப எதுக்குங்கண்ணா? ஃபேன் காத்து நல்லா வருது. ரிட்டயர்டு ஆகற வரைக்கும் இங்கதான்,” என்றான் இன்னாசி.

மறைத்துப் பயனில்லை என்று டீ இடைவேளையில் எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக, யார் கை மெதுவென்று அளப்பதுபோல, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தார்கள். நேற்று வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

அமுதவல்லிதான் வாயைத் திறந்தாள். “எனக்குப் போட்டுக்கங்க. ஆனா மறுநாளே ஓசூருக்குப் போயிருவேன். போன மாசமே கூப்புட்டாங்க.”

அந்தப் பிரிவிலேயே வேகமான கை அவளுடையது. அவள் போனால் சிவப்புக் கோடு மறுபடி ஏறும். ஈயும் போட வேண்டும், ஆளும் போகக்கூடாது. இதற்குப் பிள்ளையார் சிலைக்குத்தான் கிரேடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் வருகைப் பதிவேடான மஸ்டரை விரித்து, பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது பேரின் முகம் வந்தது. பத்தாவது பெயருக்கு முகம் வரவில்லை; பட்டியலில் இருக்கிறதே என்று அதற்கும் ஒரு சி போட்டிருந்தார். ராஜா. எட்டு மாதமாக வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் ராஜா யார்?

கொஞ்சம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. எச்.ஆர். அறையில், ஏசிக்கு நேர் கீழே, செல்போனில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும் பையன். மாதவராஜின் மனைவிக்குத் தம்பி. ஆபீஸில் காலியிடம் இல்லையென்று அவனை மாதேஸ்வரனின் மஸ்டரில் ஒட்டவைத்திருந்தார்கள்.

மாதேஸ்வரன் ஒரு நிமிஷம் பேனாவை மூடினார். வீட்டில் கட்டாமல் இருக்கும் மாடி, கல்லூரி போகும் மகள் கனிமொழி எல்லாம் கண் முன்னால் வந்து போயின. பிறகு மூடியைக் கழற்றி ராஜாவுக்கு நேராக ஈ என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் நியாயமாகப் போட்ட முதல் ஈ அதுதான்.

மாதவராஜ் அன்று சிரிக்கவில்லை.

“இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“எங்க செக்சன் ஆளுன்னு மஸ்டர்ல இருக்குதுங்க சார். எட்டு மாசத்துல ஒரு காயிலும் சுத்தல. வேலைக்கு வந்தா நாளைக்கே மாத்திப் போடறேன்.”

மாதவராஜ் கம்ப்யூட்டரைத் தட்டினார். பத்து நிமிஷம் தட்டினார். ராஜா வைண்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாறினான். வைண்டிங்கில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவில் ஈ கட்டாயமில்லை. ஸ்டோரில் இப்போது பத்துப் பேர். அதன் பொறுப்பாளர் மாது அன்று மாலை மாதேஸ்வரனைத் தேடிவந்து திட்டிய வார்த்தைகள் அச்சுக்கு ஆகாதவை.

ஆனால் பிரிவுப் பொறுப்பாளர்களும் பத்துப் பேர்தான். அவர்களுக்குக் கிரேடு போடுகிறவர் மாதவராஜ். மாதேஸ்வரனுக்கு ஈ வந்தது. ‘குழுவுடன் ஒத்துழைப்பு போதாது’ என்று காரணம்.

மனைவி நஞ்சம்மாள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுலயாவது ஆம்பளப் பேரா போட்டிருக்காங்களே,” என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஈ வாங்கியவர்களுக்கு ஓசூரில் மூன்று நாள் முன்னேற்றப் பயிற்சி. நான்கு ஆலைகளிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எந்த மெஷின் நின்றாலும் கூப்பிடப்படும் ஃபிட்டர், தரமில்லாத சரக்கைத் திருப்பி அனுப்பிய பெண், யூனியன் தேர்தலில் நின்றவர் என்று முதல் டீயிலேயே கதைகள் ஓடின. சாப்பாடு பிரமாதம். நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று இரண்டு நாள் இழுத்த பயிற்சியாளர், மூன்றாம் நாள் புரொஜெக்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் ஈதாங்க. இதுதான் கடைசி பேட்ச். நான் ரிசைன் பண்ணிட்டேன்,” என்றார். முப்பத்தெட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

திங்கள்கிழமை காலை ஷிப்டுக்கு வந்த மாதேஸ்வரனிடம், காயிலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அமுதவல்லி கேட்டாள்.

“என்னாங்கண்ணா சொல்லிக் குடுத்தாங்க?”

“ஓசூர்ல உன்னைக் கூப்புட்டாங்கன்னியே, அவங்க நம்பர் இருக்குதா?”

அவள் கையை நிறுத்தினாள். “உங்களுக்கா, எனக்கா?”

“முதல்ல நம்பரக் குடு,” என்றார் மாதேஸ்வரன்.