சொன்னது சொன்னபடி

அத்தை தேவானை பிணத்தின் நெற்றியில் குங்குமம் வைக்கக் கையை நீட்டியபோது சுந்தரவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அம்மாவை எரிக்கக் கூடாது. நேத்து ஆஸ்பத்திரியில சொன்னாங்க. 'என்னை நெருப்பில் போடாதீர்கள், மண்ணில் வையுங்கள்'னு. ஒரு வார்த்தை நான் கூட்டல, கொறைக்கல."

அம்மாவின் பெயர் மா கின். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரையைக் கட்டிக்கொண்ட பர்மாக்காரி. அறுபத்துநாலாம் வருஷம் பர்மா சர்க்கார் கடையைப் பறித்துக்கொள்ள, குடும்பத்தோடு கப்பலேறி அடையாற்றுக்கு வந்து சேர்ந்ததும் சொந்தக்காரர்கள் அவளை முத்தம்மா ஆக்கினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, தமிழ் ஒட்டவில்லை. கடைக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் அவளுக்கு வாய் மகள்தான். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக ஆஸ்பத்திரியிலும் ஆபீஸ்களிலும் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல மயிலாப்பூரில் ஒரு சங்கம் ஆள் பழக்கியது. சுந்தரவல்லி அதில் சேர்ந்து, பரீட்சையில் தேறி, சான்றிதழும் வாங்கினாள். "சொன்னதைச் சொன்னபடி சொல்லிடு. அப்புறம் கேக்கறவா பாடு" என்பார் பாடம் நடத்திய விசாலாக்ஷி டீச்சர்.

"சுமங்கலியைப் புதைக்கிற வழக்கம் நமக்கு ஏதுடீ?" என்றாள் அத்தை. பிறகு அண்ணன் அய்யாதுரையிடம் திரும்பினாள். "ஏண்ணே, நெசமாவா அப்படிச் சொன்னா? நீயும் பக்கத்துலதான இருந்த?"

பக்கத்தில்தான் இருந்தார். மா கின் கேட்டதே அவரிடம்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. ரங்கூன் பெண்களிடம் பர்மிய பாஷையில் பேரம் பேசியே லுங்கி விற்ற மனிதர், வாசலில் நின்ற பங்காளிகளை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு அந்தப் பாஷை மறந்துபோச்சு, தேவானை."

சுந்தரவல்லி பிடித்திருந்த கையை விட்டாள். அத்தை குங்குமம் வைத்தாள்.

"டைம் ஆவுது நைனா, தூக்கலாமா?" என்றான் பாடை கட்டியவன்.

தூக்கினார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அய்யாதுரை ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பெண்கள் வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். அவர் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி, எப்போதும் கேட்கிற குரலில், பர்மிய மொழியில் தண்ணீர் கேட்டார். கேட்ட பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"என்ன கேக்குறாரு உங்கப்பா?" என்றாள் அத்தை.

சுந்தரவல்லி கழுவிய தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல அத்தை."

பசியாக இருக்கும் என்று அத்தை இலை போட்டுச் சோறு வைத்தாள். அய்யாதுரை சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேட்டியிலிருந்து சொட்டிய ஈரம் தரையில் மெல்லப் பரவி இலையின் ஓரத்தைத் தொட்டது.