பாதித் தலை

பச்சைமுத்து மேஸ்திரியின் தலைமுடிக்கு வயது இரண்டு வருடம், நாலு மாதம். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே படுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அவர் சொல்லாத நாள் கிடையாது.

"நானா வூட்டை வுட்டு வந்தவன் நான். மேல்மலையனூர் அம்மாவுக்கு வேண்டிக்கினு முடி வளர்க்கிறேன். எனக்குன்னு ஒரு கதவைத் தொறந்து உள்ள போற அன்னிக்கு இறக்குவேன். உங்களை மாதிரி இல்ல."

'உங்களை' என்றால் முக்கியமாக அடுத்த தூணோரம் இருக்கும் லூர்துமேரிதான். கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் கையேந்துகிறவள். அவள் நீட்டும் சோற்றை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. "பிச்சைச் சோறு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஆமாங்க மேஸ்திரி, நீங்க மட்டும் பாலத்தை வெலைக்கு வாங்கிக்கினு கீறீங்க" என்று சிரிப்பாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து ஒரு வேன் வந்தது. ஒரே நிறச் சட்டை போட்ட இளைஞர்கள் தண்ணீர் டிரம், பிளாஸ்டிக் நாற்காலி, புது வேட்டி, சாம்பார் சாதம் எல்லாம் இறக்கினார்கள். நல்ல மனசோடு வந்த பிள்ளைகள்தான், அதில் குறையில்லை. அவர்களுக்குத் தலைவனான பிரவீன்குமார் கையில் டிரிம்மர் வைத்திருந்தான். கலைப்பிரியா என்ற பெண் ஆளுக்கொரு படிவம் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"தாடியை மட்டும் எடுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பச்சைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. கண்ணை மூடிக்கொண்டார்.

பிரவீன்குமார் அவரைப் பார்க்கவில்லை. எதிரே படம் பிடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்து, "தாத்தா இப்ப எப்படி மாறப்போறார் பாருங்க!" என்றான்.

நெற்றியிலிருந்து பிடரிவரை டிரிம்மர் ஓடியது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஓட்டம். மடியில் என்னவோ கனமாக விழுந்தது. பச்சைமுத்து தடவிப் பார்த்தார். சடை.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்றார். தலையில் இடது பாதி மொட்டை, வலது பாதி சடை. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிரித்தது.

"யாரைக் கேட்டுடா கை வெச்ச?"

"சிக்கா இருந்துச்சு தாத்தா. சுத்தமா இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"சலூனுக்கு வர்றவனைக் கேக்காம வெட்டுவானா? உங்கப்பன் தலையில கேக்காம கை வெப்பியா? வூடு இல்லாதவன்னா அவன் தலைகூட அவனுது இல்லையாடா?"

பிரவீன்குமார் ஓர் அடி பின்வாங்கினான். கலைப்பிரியா சமாதானம் சொல்ல நெருங்கினாள். அவள் கையிலிருந்த படிவத்தை அவர் பிடுங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். வயது எழுபது என்று இருந்தது. வீடு இழந்த காரணம்: குடி.

"நான் குடிச்சதைப் பார்த்தியா நீ?"

"நீங்க ஒண்ணும் சொல்லல... பெரும்பாலும் அதான் காரணமா இருக்கும்னு..."

அடிக்கக் கை ஓங்கியிருப்பார். அதற்குள் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டார். சடை இருந்த பக்கம் அவருக்குத் தெரிந்த வேண்டுதல்காரன். மொட்டையான பக்கம், பாலத்துக்கடியில் படுக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான். இரண்டு வருடமாக அந்த ஆளை அவர் பார்க்கவே இல்லை.

"எழுதும்மா" என்றார். குரல் இன்னும் கத்தலாகத்தான் வந்தது. "கொத்தனாரு. சாரத்துலேர்ந்து வுழுந்து இடுப்பு போச்சு. வானூர்ல தம்பி சீனுவாசன் வூட்ல கெடந்தேன். நான் கட்டுன வூடு அது. நெலைப்படி நான் வெச்சது. ஒருநா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன், கதவுல பூட்டை மாத்திக்கீறான். என் சாவி நொழையல. உள்ள டிவி ஓடுது. தட்டுனேன். டிவியை நிறுத்திட்டாங்க. கதவைத் தொறக்கல. நானா வரல. எழுது! தொரத்துனாங்க!"

இனி லூர்துமேரி சும்மா விடமாட்டாள் என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் சாய்ந்து கிடந்த நாற்காலியோரம் குந்தியிருந்தாள். சோப்புத் தண்ணீரில் கிடந்த முடியை ஒவ்வொரு கற்றையாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே பண்ற?"

"கண்டவன் மிதிக்கிறான். அம்மாவுக்குன்னு வளர்த்ததாச்சே. வேளாங்கண்ணியில நாங்களும்தான் முடி குடுக்கிறோம்." முந்தானையை முடிச்சுப் போட்டாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்னு..."

"தெரியும் மேஸ்திரி. 'கதவைத் தொற'ன்னு தூக்கத்துல நீங்க கத்தாத நாளு எது?"

இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறாள். அவர் வாய்க்கு வந்தபடி ஏசியபோதெல்லாம் அவள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கலைப்பிரியா 'குடி' என்பதை அடித்துவிட்டு எழுதினாள். பிறகு மெதுவாக, "வயசு எவ்ளோங்க?" என்று கேட்டாள்.

"அம்பத்தாறு."

பிரவீன்குமார் போனை அணைக்கச் சொல்லிவிட்டு அருகே வந்தான். "மன்னிச்சுடுங்கய்யா. மீதியையும் எடுத்துடட்டுமா?"

"தொட்டே, கையை ஒடிப்பேன்."

அவன் டிரிம்மரைப் பையில் வைத்தான். லூர்துமேரி ஒரு துண்டை உதறி, அந்தப் பாதித் தலையை மறைத்து இறுக்கிக் கட்டினாள். பிறகு தன் தூக்கைத் திறந்து நீட்டினாள். காலையில் கோயிலில் வாங்கிய பொங்கல்.

"பிச்சைச் சோறுங்க" என்றாள்.

"குடு" என்றார் பச்சைமுத்து, கோபமாகவே.