கடுகு அரைத்த குண்டு

மரத்தொட்டியை இரு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கெசியா பீரங்கிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு பவுண்டு இரும்பு. அடியில் கடுகு நொறுங்கியது. சளி கட்டிய புருஷன் ஈனோக்கின் நெஞ்சுக்குப் பற்றுப் போட வேண்டும். இங்கிலாந்து ராஜா கடல் தாண்டி அனுப்பிவைத்த குண்டு, முப்பது வருஷமாக டெலவேர் ஆற்றங்கரையில் அவளுக்குக் கடுகு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கட்டிலருகே ஈனோக்கின் அண்ணன் கேலப் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். குவேக்கர் சபையின் மூப்பன். அந்தச் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் 'நீ'தான். பிரார்த்தனைக்குத் தவிர, ராஜாவே வந்தாலும் தொப்பி இறங்காது. போர்க்கருவியில் கை படாது. ஈனோக் ராஜாவை எதிர்த்து அமெரிக்கா நடத்திய சண்டைக்குப் போனான். சபை அவனை நீக்கியது.

"ஒரு வரிதான், ஈனோக்," கேலப் காகிதத்தை நீட்டினான். "'கோட்டைக்குப் போனது தப்பு'ன்னு கையெழுத்துப் போடு. சபைக் கல்லறையில அம்மா பக்கத்துல இடம் வச்சிருக்கேன். உன் குழந்தையும் அங்கதான இருக்கு."

கெசியாவின் கை நின்றது. ஐந்து மாதத்தில் இறந்துபோன பெண் குழந்தை அது.

"நான் யாரையும் சுடல," என்றான் ஈனோக், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "குண்டுதான் பொறுக்குனேன்."

பொய்யில்லை. ஆற்று நடுவே சேற்றுத் தீவுக் கோட்டையில் பெரிய பீரங்கி ஒன்று இருந்தது. அதற்குக் குண்டுதான் இல்லை. இங்கிலீஷ் கப்பல்கள் சுட்ட குண்டு அதற்கு அளவாகப் பொருந்தியது. ஒன்றைத் தூக்கி வந்தால் கால் குவளை ரம். விழுந்து உருளும் குண்டின் பின்னால் ஈனோக் நாய்க்குட்டிபோல ஓடினான். கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் படகேறிய அன்று ரம் பீப்பாய் காலி. கையிலிருந்த குண்டை யாருக்கும் சும்மா கொடுக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"ஆறே நாள்ல தோத்த கோட்டை," என்றான் கேலப். "அதுக்கா இவ்வளவு வீம்பு?"

"ஆறு நாள் அத்தனை கப்பலும் ஒரு சேத்துத் திட்டைத் தாண்ட முடியாம நின்னுச்சுடா. நீ உன் பசுவை ஆறு நிமிஷம் நிறுத்தியிருக்கியா?"

கெசியா சிரித்துவிட்டாள். தொப்பியின் நிழலில் கேலப்பின் உதடும் கோணியது. முகத்தை மறைக்கவோ என்னவோ, குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

அவள் பற்றுப் போட்டாள். ஈனோக் முகம் சுளித்தான்.

"சரியா அரையல, கெசியா. குத்துது."

"இந்த நிலைமையிலயும் குறை சொல்லு," என்று திட்டிக்கொண்டே மறுபடி போய் உருட்டினாள். மையாக அரைத்துக்கொண்டு வந்தபோது, குத்துகிறது என்று சொல்ல ஆளில்லை.

கேலப் திரும்பி வந்தான். தம்பியின் கண்களை மூடினான். பிறகு அவன் காகிதத்தை முழங்கால்மேல் விரித்தான். கண் சிவந்திருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னானா? தப்புதான்னு... முணுமுணுத்திருப்பான். நீ சொன்னாப் போதும். நாம பொய் சொல்ல மாட்டோம்னு சபைக்குத் தெரியும்."

கெசியா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கடுகு மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"சொன்னான்."

கேலப் பேனாவை மையில் தோய்த்தான்.

"'சரியா அரையல, குத்துது'ன்னு சொன்னான். எழுதிக்கோ."

"கெசியா, நாளைக்கு நீ அங்க, அவன் இங்கயா?"

"நானும் இங்கதான். தோட்டத்துல ரெண்டு பேருக்கு இடம் பாக்கச் சொல்லு. குழந்தைக்கு உங்கம்மா துணை இருக்கா."

மறுநாள் காலை, ஆறு தெரியும் ஆப்பிள் தோட்டச் சரிவில் அவனைப் புதைத்தார்கள். குவேக்கர்கள் புதைத்த இடத்தில் கல் நடுவதில்லை. எல்லோரும் மௌனமாக நிற்க, கெசியா தள்ளுவண்டியில் குண்டைக் கொண்டுவந்து மண்மேட்டில் சாய்த்தாள். அது நிற்கவில்லை. கப்பல்களோடு பேச்சு பாக்கி இருப்பதுபோல ஆற்றைப் பார்த்து உருண்டது.

எழுபது வயதுக் கேலப் பின்னால் ஓடினான். வேலியோரம் மடக்கி, வயிற்றோடு அணைத்துத் தூக்கி, மூச்சிரைக்க மேலே வந்தான்.

"வீட்டுல ரம் இல்ல, கேலப்," என்றாள் கெசியா.

அவன் குண்டை மேட்டில் வைத்தான். மறுபடி அசைந்தது. முட்டுக்கொடுக்கக் கல்லோ கட்டையோ இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, நாலாக மடித்து, அடியில் செருகினான்.

ஆற்றுக்காற்றில் அவன் நரைமயிர் பறந்தது. குண்டு நின்றது.