டெஸ்ட் பேட்ச் பார்த்தாச்சு

அக்காவின் கன்னங்களில் பருக்கள் விட்டுப்போன குழிகள் உண்டு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தோல் கிளினிக் ஒன்றின் ரிசப்ஷனில் ஆறு வருடமாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். புது லேசர் மெஷின் வந்ததும், டாக்டர்தான் அவளைக் கூப்பிட்டு முதல் ஆளாக உட்காரச் சொன்னார். வாசலில் பளிச்சென்று ஒரு முகம் இருந்தால் கிளினிக்குக்கும் நல்லதாம்.

மெஷினைப் பொருத்த வந்த ஆள் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கறுத்த தோல் சூட்டை அதிகம் வாங்கும். அளவைக் குறைத்து, 'டெஸ்ட் பேட்ச்' என்று காதோரம் சின்ன இடத்தில் சுட்டுப் பார்த்து, சில வாரம் பொறுத்துத்தான் முகத்துக்குப் போகவேண்டும். அக்கா அதை ஞாபகப்படுத்தினாள். இருபது வருடமாகத் தோல் பார்க்கிறவனுக்கே பாடமா என்று டாக்டர் சிரித்தார். அன்றைக்கே இரண்டு கன்னத்திலும் சுட்டார்.

பொருக்கு உதிர்ந்தபோது இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் கறுக்கத் தொடங்கியது. கம்பிவலையைக் காய்ச்சி ஒற்றியெடுத்தது போல் கட்டம் கட்டமாகக் கறை.

வெயிலில் சுற்றியிருப்பாய் என்று டாக்டர் பழியை அவள் தலையிலேயே போட்டார். ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, ஃபைல் அறைக்கு மாற்றினார். வீட்டில் அம்மா கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் ஒளித்தாள். அக்கா அதைத் தேடியெடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவளை அந்த அறையில் உட்கார வைத்ததுதான் டாக்டர் செய்த தப்பு. லேசர் ஃபைல்களை ஒன்றுவிடாமல் பிரித்தாள். 'டெஸ்ட் பேட்ச்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் டிக். அவளுக்கும்.

"நான்தான்டி அவங்களை எல்லாம் சிரிச்சுப் பேசி உள்ளே அனுப்பினேன்," என்றாள் என்னிடம். "அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்."

அந்த ஃபைல்களில் இருந்த ஒன்பது பேருக்கு போன் போட்டாள். டாக்டர் இரண்டாவது கிளினிக் திறந்த அன்று காலை, ஏழு பேர் மாஸ்க்கோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், ஒரு டீச்சர், நிச்சயமான கல்யாணம் நின்றுபோன ஒருத்தி. அக்காவோடு எட்டு. டாக்டர் மைக்கைப் பிடித்ததும் எட்டு மாஸ்க்கும் இறங்கின.

அக்கா எழுந்தாள். "டாக்டர், எங்க எட்டு பேருக்கும் என்னைக்கு டெஸ்ட் பேட்ச் பார்த்தீங்க?"

"உள்ளே போய்ப் பேசிக்கலாம்மா."

"உள்ளே போனதாலதான் இப்படி ஆச்சு."

வந்திருந்த விருந்தாளிகள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு கிளம்பினார்கள். டாக்டர் மைக்கை அணைக்கக்கூட மறந்து நின்றார். அவர் மூச்சு ஹால் முழுக்கக் கேட்டது. அக்கா அதை ரசித்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் போனது. விசாரணையில் டிக்குகள் எதற்கும் ஆதாரம் இல்லை. டாக்டருக்கு ஒரு வருடத் தடை. அதற்கு முன்பே வீடு தேடி வந்து, புகாரை வாபஸ் வாங்கும்படி கெஞ்சியிருந்தார். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

இப்போது அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வேறொரு டாக்டர் கொடுத்த களிம்பில் கறை பாதி மங்கியிருக்கிறது. முழுக்கப் போக இன்னும் ஒரு வருடமாவது ஆகுமாம். ஆனாலும் வாரம் ஒருமுறை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, மூடிக்கிடக்கும் அந்த கிளினிக் ஷட்டரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள்.

"இன்னும் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"பார்த்தா நல்லா தூக்கம் வருது," என்றாள்.