வேண்டாம் என்று சொன்ன வேலை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. தைத்து வரும் தோல் மேல்பாகங்களைச் சரிபார்த்து அனுப்புவது வஜீதாவின் வேலை. பதினோரு வருடத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவளிடம் தையல் மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்ட சங்கீதாவைச் சூப்பர்வைசர் ஆக்கியபோது, முதலில் போய்க் கை கொடுத்ததும் அவள்தான்.

அடுத்த மாதம் சங்கீதாவின் லைனிலிருந்து வந்தவற்றில் மட்டும் ஏகப்பட்டவை வஜீதாவின் மேஜையில் ரிஜெக்ட் ஆயின. ஒருநாள் காலை சங்கீதா கூடையோடு வந்து நின்றாள்.

"அக்கா, இதுல இன்னா கொறைன்னு காட்டுங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரில."

வஜீதா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தையல் நேராக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். 'கோணல்' என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் சொன்னால் மேனேஜர்கூட மறுத்துப் பேசமாட்டார். அது தனக்கு நன்றாகவே தெரியும் என்பதை நினைத்ததும் கையிலிருந்ததைக் கூடையிலேயே வைத்தாள்.

"கொறை ஒண்ணும் இல்ல. உன்ன சூப்பர்வைசர் ஆக்குனது எனக்குப் புடிக்கல. எனக்கே இப்பதான் தெரியுது."

சங்கீதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு பொண்ணுங்க ஒரு வாரமா சாப்பாட்டு நேரத்துல பிரிச்சிப் பிரிச்சித் தெச்சாங்கக்கா. அவங்ககிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

"நானே சொல்றேன்."

சொன்னாள். நால்வரில் ஒருத்தி பாதியிலேயே எழுந்து போனாள். பிறகு வஜீதா மேனேஜர் செல்வகுமாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மொதல்ல உங்களத்தானம்மா கேட்டேன்? சின்னப் பொண்ணுக்குக் குடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நல்லவள்னு பேர் எடுக்கறதுக்குச் சொல்லிட்டேன் சார். எனக்கு ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்குது."

அவர் எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்து, அவளை மறுபடி மிஷினுக்கு அனுப்பினார்.

எட்டு மாதம் தைத்தாள். பொறாமை வந்தபோதெல்லாம் அது பொறாமைதான் என்று அவளுக்குப் புரிந்தது. முன்பு அதைத் தரம் பார்ப்பது என்று நம்பியிருந்தாள். பேரணாம்பட்டில் புது யூனிட் திறந்ததும் சூப்பர்வைசர் வேலைக்கு முதல் ஆளாக எழுதிக் கொடுத்தாள். கிடைத்தது. ரொம்பக் கறார் என்று அங்கே பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

ஆம்பூரிலேயே இருக்கும் சங்கீதா போனில் அவளிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. ரம்ஜானுக்கு வஜீதா டப்பாவில் கொடுத்தனுப்பிய சேமியாவை மட்டும் வாங்கிக்கொண்டு, டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பினாள்.